ஒரு அடி அவர், ஒரு அடி கூட்டம்

(கும்பகோணத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் பக்கத்துப் பஜனை மடங்களில் பாகவதர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிப் பாடும். அவர் ஒரு சங்கதி சேர்த்தால் நாமும் விடமாட்டோம். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்ததும் அதுதான். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான கச்சேரி. எதிரே சுமார் 72,000 பேர். குவீன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி ‘ஏ… ஓ’ என்று இழுத்தார். சொல்லே இல்லை, வெறும் குரல். மைதானமே அதைத் திருப்பிக் கொடுத்தது. அவர் வளைத்த இடத்தில் வளைந்தது, நிறுத்திய இடத்தில் நின்றது. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் ஒன்றும் நமக்கு அந்நியர் இல்லை. பார்சிக் குடும்பம், இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. 1946-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்தார். எட்டு வயதில் பெற்றோரைவிட்டுக் கடல் தாண்டி, மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளிக்கு வந்தார். எட்டு வயது! நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னும் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருப்போம். முதன்முதலில் குழு சேர்ந்து பியானோ வாசித்தது அந்தப் பள்ளியில்தான். 1964-இல் சான்சிபார் புரட்சிக்குப் பின் குடும்பம் இங்கிலாந்து போனது. 1970-இல் குவீன் பிறந்தது.

அவருக்கு மேல் வரிசையில் 4 பற்கள் கூடுதல். சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று கடைசிவரை அதைத் தொடவே விடவில்லை. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு, அந்தத் திருவாவடுதுறைச் சீவாளி ஒன்று வாய்க்குப் பழகிவிட்டால் அதை மாற்ற நாகஸ்வரக்காரர் எவ்வளவு தயங்குவார்? அந்தப் பயம்தான் இது. அப்புறம் அந்த மைக் ஸ்டாண்டு. ஆரம்ப நாளில் ஒரு மேடையில் அது பாதியில் கழன்றது. மேல்பாதியைக் கையில் பிடித்தே பாடினார். பிறகு அந்த அரை ஸ்டாண்டே அவர் அடையாளமாகிவிட்டது.

1975-இல் குவீனின் ‘போஹிமியன் ராப்சடி’ பாட்டு வந்தது. ஏறக்குறைய 6 நிமிடம், வானொலிக்கு ரொம்ப நீளம் என்றார்கள். இங்கிலாந்தில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் கேட்கும் பெரிய கோரஸ், 3 பேர் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கிய குரல்தான்.

எய்ட்ஸ் நோயால் 1991 நவம்பர் 24 அன்று, 45 வயதில் இறந்தார். நோயை உலகுக்குச் சொன்னது முந்தைய நாள்தான். அதே ஆண்டு மே மாதம், நிற்கவே சிரமப்பட்ட நிலையில், தாயன்பைத் தேடும் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கடைசிச் சரணத்தை அப்புறம் வந்து பாடுகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. 1995-இல் அந்தப் பாட்டு வெளிவந்தபோது, அந்தச் சரணத்தை கிதார்க்காரர் பிரையன் மே பாடியிருந்தார்.