பொதுவில் என்றால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

1945-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். தலைநகர் இல்லை, இது பசிபிக் கரையோரம். அங்கே நிஸ்குவாலி ஆற்றில் விடிவதற்கு முன்னால் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தன் வலையில் விழுந்த சால்மன் மீன்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதிகாரிகள் வந்து பிடித்துக்கொண்டார்கள். நான் இங்கேயே குடியிருப்பவன், விடுங்கள் என்று கத்திப் பார்த்தான். பெயர் பில்லி ஃபிராங்க், நிஸ்குவாலி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவன். அப்புறம் வாழ்நாளில் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். பெரும்பாலும் அதே குற்றம்தான், மீன் பிடித்தது.

ஆனால் அவர் கையில் பத்திரம் இருந்தது. 1854 டிசம்பர் 26-ஆம் தேதி மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் நிஸ்குவாலி, புயாலப் முதலிய பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போட்டார். பேசியது சில நூறு சொற்களே உள்ள சினூக் என்ற வியாபாரப் பேச்சில். அதில் எவ்வளவு புரிந்திருக்கும்? இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் கைமாறியது. ஆனால் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவில் பிடிக்கும் உரிமை இருக்கும் என்று எழுதினார்கள். அரசு கொடுத்த சலுகை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நிலத்தை எழுதிக்கொடுக்கும்போது கிணற்றில் என் பங்கு எனக்கு என்று பத்திரத்தில் சேர்ப்போமே, அதற்குப் பெயர் சலுகையா?

மாநில அரசு அந்தப் பத்திரத்தை மதிக்கவில்லை. 1960-களில் பூர்வகுடிகள் வலையைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஆற்றில் இறங்கினார்கள். மீன் பிடிப்பதே போராட்டம். 1964-இல் நடிகர் மார்லன் பிராண்டோ கூட வந்து கைதாகி, உடனே விடுதலையானார். எல்லா நாளும் அமைதியாகவே போனது என்று சொல்ல மாட்டேன், கல் பறந்த நாளும் உண்டு. 1970 செப்டம்பரில் புயாலப் ஆற்றங்கரை முகாமில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி அறுபது பேர் வரை பிடித்துப் போனது. வேடிக்கை என்னவென்றால், பார்க்க வந்திருந்த மத்திய அரசு வழக்கறிஞரும் அந்தப் புகையில் மாட்டினார். சில நாளிலேயே மாநிலத்தின் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது.

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். பொதுவில் என்றால் சமமாகப் பகிர்வது. பிடிக்கத்தக்க மீனில் பாதி பூர்வகுடிகளுக்கு. அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வெள்ளை மீனவர்கள் கொதித்துப்போய் நீதிபதியின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். அவர்களுக்கும் படகுக் கடன் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. 1979-இல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் இதையே உறுதி செய்தது.

சரி, பாதி கிடைத்தது. எதில் பாதி? ஆற்றில் மீன் குறைந்துகொண்டே வந்தது. சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகப் போட்டிருக்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள், நாம் கல்வெர்ட் என்போம். நாள்பட்டுத் தண்ணீர் கீழே மண்ணை அரிக்க, குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கும். முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சால்மன் கீழிருந்து எம்பிப் பார்க்கும், எட்டாது. மேலே பல மைல் நல்ல ஓடை இருந்தும் பயனில்லை. மீனே வராவிட்டால் உரிமைக்கு என்ன பொருள் என்று 2001-இல் பூர்வகுடிகள் மறுபடி வழக்குக்குப் போனார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு நாலு என்று நீதிபதிகள் பிரிந்ததால், அவர்களுக்குச் சாதகமான கீழ்த் தீர்ப்பே நின்றது. இன்று மாநில அரசு நெடுஞ்சாலைகளைத் தோண்டி, குழாய் இருந்த இடத்தில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்க்க பில்லி ஃபிராங்க் இல்லை, 2014-இல் போய்விட்டார். மறு ஆண்டு, நிஸ்குவாலி கடலில் சேரும் இடத்திலுள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1854-இல் பத்திரம் எழுதியதன் நினைவிடமும் அந்தச் சரணாலயத்துக்குள்தான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.