பத்து லட்சம் மாலிக்யூல் இருந்தா போதுமா?

புது மருந்து தேடறதுக்காக டெஸ்ட் பண்ண சேத்து வச்சிருக்கற எங்க லைப்ரரில பத்து லட்சம் மாலிக்யூல் இருக்குன்னு யாராவது சொன்னா உடனே வாயப் பொளக்காதீங்க மக்களே, அதுல எத்தன விதமான ஸ்கேஃபோல்டு இருக்குன்னு கேளுங்க. ஸ்கேஃபோல்டுன்னா மாலிக்யூலோட எலும்புக்கூடு, நடுவுல இருக்கற அந்த ரிங் அமைப்பு. 90கள்ல காம்பினேடோரியல் கெமிஸ்ட்ரி பெரிய பேச்சா இருந்தப்ப என்ன பண்ணாங்க, ஒரே ஸ்கேஃபோல்ட வச்சுக்கிட்டு சுத்தி ஒட்டுற குரூப்ப மட்டும் மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளுனாங்க, ஒரே ஆளுக்கு சட்டய மட்டும் மாத்திவிட்ட மாதிரி. மருந்து போய் ஒட்டவேண்டிய புரோட்டீனுக்கு ஷேப் தானே முக்கியம், எலும்புக்கூடே பொருந்தலன்னா அந்த குடும்பமே பெரும்பாலும் வேஸ்ட்டு. எதிர்பார்த்த அளவுக்கு ஹிட்டும், அதாவது டெஸ்ட்ல வேலை செய்யற மாலிக்யூலும், வரல.

அப்பதான் 2000-ல அமெரிக்க கெமிஸ்ட் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் டைவர்சிட்டி ஓரியன்டட் சிந்தெசிஸ்னு, அதாவது விதவிதமான மாலிக்யூல செய்யறதயே குறியா வச்ச ஒரு முறைய முன்வச்சாரு. வழக்கமா நாம செய்யவேண்டிய மாலிக்யூல முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னாடி யோசிப்போம்ல, இதுல சிம்பிளான ஒண்ணுல ஆரம்பிச்சு முன்னாடி போயிட்டே கிளை கிளையா பிரிக்கணும். இதுக்கு பில்ட், கப்பிள், பேர்னு ஒரு வழி இருக்கு. மொதல்ல கைரல் துண்டுகள (இடது கை, வலது கை மாதிரி மிரர் இமேஜோட ஒத்துப்போகாத வடிவம் உள்ளதுங்க) செஞ்சுக்கணும், அப்புறம் அதுங்கள ஒண்ணோட ஒண்ணு சேர்க்கணும், கடைசி ஸ்டெப்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, சேர்ந்த மாலிக்யூலுக்குள்ளயே இருக்கற ஃபங்ஷனல் குரூப்ல (ரியாக்‌ஷன் நடக்கற பகுதிகள்ல) எந்த ரெண்ட ஜோடி சேர்த்து ரிங்க மூடுறோமோ அதுக்கேத்த எலும்புக்கூடு வரும், ஒரே பொருள்தான், ரியாக்‌ஷனுக்காக சேர்க்கற ரீஏஜென்ட மாத்துனா வேற ரிங். இன்னொரு லாபம், ஸ்டீரியோ ஐசோமர் (அணுக்கள் ஒரே மாதிரி இணைஞ்சிருந்தும் 3D வடிவத்துல மட்டும் வேறுபடறதுங்க) எல்லாத்தயும் செஞ்சு வச்சிருப்பாங்க, அதுல ஒண்ணு வேலை செஞ்சு அதோட மிரர் இமேஜ் சும்மா இருந்துச்சுன்னா இது நிஜமான ஹிட்டுதான்னு ஒரு தைரியம் வரும்.

சும்மா தியரி இல்ல இது. அமெரிக்காவுல பிராட் இன்ஸ்டிட்யூட்ங்கற ஆராய்ச்சி மையத்துல இப்படி செஞ்ச சுமார் ஒரு லட்சம் காம்பவுண்ட மலேரியா பாரசைட் மேல போட்டுப் பாத்ததுல பைசைக்ளிக் அசெட்டிடின்னு ஒரு குரூப் மாட்டுச்சு, 2016-ல பேப்பர் வந்துச்சு. பாரசைட் புரோட்டீன் செய்யத் தேவையான ஃபினைல்அலனைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ்ங்கற என்சைம அது தடுக்குது, எலில ஒரே டோஸ்ல குணமாச்சு. எலிலதான், ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்ப ஏன் எல்லாரும் இதயே பண்றதில்லன்னா, கஷ்டம் பாஸ். துண்டுகள ஒட்டுற ரியாக்‌ஷன்ல அமைடு பாண்டு போடறதும் சுசுகி கப்ளிங்கும் ஈஸி, அதனால பென்சீன் மாதிரி ரிங் உள்ள தட்டையான அரோமேட்டிக் மாலிக்யூலா குவியுது. டைவர்சிட்டி ஓரியன்டட் வழில ஸ்டெப்பு ஜாஸ்தி, ஸ்கிரீனிங்குக்கு சில மில்லிகிராம் போதும், ஆனா ஹிட்டு வந்ததும் கிராம் கணக்குல வேணும்னு பயாலஜி டீம் வந்து நிப்பாங்க பாருங்க, அப்ப அத்தன ஸ்டெப்பயும் மறுபடி மொதல்லேந்து ஓட்டணும்.