தூங்காத புளியமரம்!

புளியமரம் ராத்திரியானால் தூங்கிவிடும், தெரியுமா? ஆனால் தூங்காத புளியமரம் ஒன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். அங்கே போவதற்கு முன், பூர்வீகத்தை வேகமாக முடித்துவிடுகிறேன்.

புளியின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அரபுக்காரர்கள் 'தமர் ஹிந்தி' என்றார்கள், அதாவது இந்தியப் பேரீச்சை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் 'இண்டிகா' ஒட்டிக்கொண்டது. வெளியூர்க்காரருக்கு நம்மூர் ரேஷன் கார்டு!

சரி, தூக்கத்துக்கு வருவோம். இருட்டும் நேரத்தில் ஒரு புளியங்கொத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். எதிரெதிரே இருக்கும் சிற்றிலைகள், கும்பிடும் கைகள் மாதிரி ஜோடி ஜோடியாக மூடியிருக்கும். சிற்றிலை காம்போடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு உண்டு. அதிலுள்ள செல்களில் தண்ணீர் ஏறி இறங்குவதால்தான் இந்த மூடலும் விடிந்ததும் விரிதலும்.

இப்போது ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். இங்கே ஒரு புளியமரப் பொந்தில் நம்மாழ்வார் 16 வருடம் கண்மூடி அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. அந்த மரத்துக்குப் பெயரே உறங்காப்புளி. ராத்திரியிலும் இலை மூடாதாம். காரணம் கேளுங்கள்: மரமாக நிற்பது லட்சுமணன். வனவாசத்தில் 14 வருடம் தூங்காமல் அண்ணனுக்குக் காவல் இருந்தவர், மரமானதும் குறட்டை விடுவாரா? எனக்கு இந்த லாஜிக் ரொம்பப் பிடிக்கும். இந்தக் கதையை முதலில் சொன்னவர் பல சாயங்காலம் புளியமரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இலை மூடுவதையே கவனிக்காதவருக்கு, மூடாத மரம் எப்படி அதிசயமாகும்?

சமையலில் இது இன்னொரு விதத்தில் அடங்காப்பிடாரி. பெரும்பாலான பழங்கள் பழுத்தால் புளிப்பு குறையும். புளியில் சர்க்கரை ஏறினாலும், புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் இறங்காது. அதனால்தான் ரசமும் வத்தக்குழம்பும் கோயில் புளியோதரையும் பிழைத்தன.

மருத்துவமா? சுளுக்குக்குப் புளியிலையை வதக்கிக் கட்டுவார்கள். பத்தியம் என்றால் முதலில் நிறுத்துவதும் புளியைத்தான்!

இன்று ராத்திரி டார்ச்சோடு உங்கள் தெருப் புளியமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். இலை மூடியிருந்ததா என்று கமென்டில் சொல்லுங்கள். பேய் வந்தால், அதையும் சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லுங்கள்.