சொல்லியாச்சே, டீச்சர்!

(வடசென்னைப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆண்டுவிழாவில் பேசியது)

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் முதன்மைக் குரு அவர்களே, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் மறைக்கல்வி வகுப்புகளைத் தோளில் சுமக்கும் அருள்சகோதரிகளே, பங்குப் பேரவைப் பொறுப்பாளர்களே, அன்பியத் தலைவர்களே, மரியாயின் சேனைத் தாய்மார்களே, வருஷம் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காரும் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே! கோயில் வாசலில் திறந்து கிடந்த சாக்கடைக்கு மூடி போட்டுக் கொடுத்தவர் இந்த அம்மாதான். புதுநன்மைக்கு, அதாவது முதல் முறை நற்கருணை வாங்க, வெள்ளை உடுப்பில் வந்த பிள்ளைகள் சேறு படாமல் உள்ளே போனார்கள். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். சரி. ஜமுக்காளத்தில் நெளிந்துகொண்டிருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம்.

'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில்' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஃபாதருக்குத் தெரியும், இப்போதே சிரிக்கிறார். சிறு பிள்ளைகளிடம் பெரியவர்கள் கற்க வேண்டியது மூன்று: நம்புவது, கூச்சமில்லாமல் கேட்பது, சண்டையை அன்றைக்கே மறப்பது. மூன்றையும் பேசுகிறேன்.

மழைக்கு ஜெபிக்கப் போன ஊரில் ஒரு குழந்தை மட்டும் குடை கொண்டுவந்த கதையை நீங்கள் எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். அது வேண்டாம். என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

நம்முடைய கோயிலில் புதன்கிழமை சகாய மாதா நவநாள், வாராவாரம் மாதாவிடம் வேண்டிக்கொள்ளும் ஜெபம். விண்ணப்பப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பது என் வேலை. பரீட்சை, கல்யாணம், கடன், விசா, எல்லாம் வரும். ஒரு புதன்கிழமை, நான்கு வரி நோட்டில் கிழித்த தாள் ஒன்று வந்தது. மூன்றாம் வகுப்புப் பையனின் கையெழுத்து. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் முடிந்து, போட்டுகள் கடலுக்குக் கிளம்பியிருந்தன. சீட்டில் பையன் எழுதியிருந்தான்: 'மாதாவே, அப்பா போற போட்டுல இன்ஜின் சத்தம் சரியில்ல. ரிப்பேர் பண்ணிக் குடுங்க. உங்களுக்கு வேலை இருந்தா உங்க மகனை அனுப்புங்க.' கீழே போட்டின் நம்பர், நிறம், எந்தப் பக்கம் கட்டியிருப்பார்கள் என்று ஒரு படம். தேடிக்கொண்டு அலையக் கூடாதாம்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். திரும்பி வர வேண்டிய நாளில் அந்தப் போட் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அன்று ராத்திரி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டுகிறார், மாலையின் இரண்டு மணிகளுக்குச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பாட்டி ஒரு மூலையில் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு புயல் கதை சொல்கிறார்கள், நம்ம ஜனத்தைக் கேட்க வேண்டுமா! பையன் எங்கே என்று பார்த்தால், உள்ளே பாயில் காலை அகட்டிப் போட்டுக்கொண்டு நல்ல தூக்கம். என் கால் தடுக்கி விழித்துக்கொண்டான். 'ஏன்டா, அப்பா வரலையே, உனக்குப் பயமா இல்லையா?' என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். 'அதான் மாதாகிட்ட சொல்லியாச்சே, டீச்சர்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வேறொரு போட் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. எல்லோரும் அழுது, கட்டிப்பிடித்து, தேங்காய் உடைக்காத குறை. பையனுக்கு மட்டும் ஒரு வருத்தம். அடுத்த புதன்கிழமைச் சீட்டு: 'மாதாவே, அப்பா வந்துட்டாரு, தேங்க்ஸ். ஆனா இன்ஜின் ரிப்பேர் நான் சொன்னேன் இல்ல?'

பாருங்கள், குறை சொல்கிறான். ஆனால் யாரிடம் சொல்கிறான்? அதே மாதாவிடம். நமக்கு ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் வேறு கோயில், வேறு ஜெபக்கூட்டம் என்று கிளம்பிவிடுகிறோம்.

'நீங்கள் மனந்திரும்பிச் சிறு பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் புக மாட்டீர்கள்' என்று ஆண்டவர் சொன்னது மத்தேயு 18இல் இருக்கிறது. மாற்கு 10இல் பிள்ளைகளை அதட்டி விரட்டிய சீடர்கள்மேல் அவர் கோபப்படுகிறார். திருச்சபைக்கும் இது புரியக் காலம் பிடித்தது. பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை நற்கருணைக்குக் காக்க வைத்தார்கள். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர்தான் ஏழு வயது வாக்கில் விவரம் தெரிந்தால் போதும் என்று வழிவிட்டார். 1917இல் போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமாவில் மாதாவின் காட்சி கண்ட பிள்ளைகளில் ஜசிந்தாவுக்கு வயது ஏழு. அதிகாரி பிடித்து அடைத்து மிரட்டியும் அந்தப் பிள்ளைகள் சொன்னதை மாற்றவில்லை. ஜசிந்தாவும் அண்ணன் பிரான்சிஸ்கோவும் 2017 மே 13இல் புனிதர்களானார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம் வேளாங்கண்ணியில் மாதா வந்தது யாரிடம்? பால் கொண்டுபோன பையனிடம், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனிடம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்திப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடக்கிறோமே, அந்த வரலாற்றைக் கேட்டுக்கொண்டே நடக்கிறோமே, அந்தப் பையன் அன்று டியூஷனுக்குப் போயிருந்தால்?

ஆம், விஷயத்துக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷன்! பூசை முடிந்து மறைக்கல்விக்கு மணி அடித்தால் பாதி பெஞ்சு காலி. கேட்டால், 'மேத்ஸ் வீக் டீச்சர்' என்கிறீர்கள். மூன்றாம் வகுப்பில் என்ன மேத்ஸ்? குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்றால், வாரத்தில் ஒரு காலை, ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தைக் காலி பண்ணாமல் வையுங்கள். டியூஷன் மாஸ்டர்களுக்கு ஞாயிறு மதியம் இருக்கிறது, சனி இருக்கிறது. நான் படிப்புக்கு எதிரி அல்ல, முப்பது வருஷம் கணக்கு நடத்தியவள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பேச நேரமில்லை, சிஸ்டர் மணியைக் காட்டுகிறார். பிள்ளைகளின் நடனம் வேறு காத்திருக்கிறது, பொட்டு கலைகிறது. ஆனால் ஒன்று. 'ஞாயிறு காலை என் பிள்ளைக்கு டியூஷன் இல்லை' என்று அச்சடித்த தாள் ஒவ்வொரு மறைக்கல்வி ஆசிரியர் கையிலும் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நம் பங்கிலேயே டியூஷன் எடுக்கிற இரண்டு பேர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், குனிந்துகொள்ள வேண்டாம். உங்கள் கையெழுத்துதான் எனக்கு முதலில் வேண்டும். நன்றி, மரியே வாழ்க!