டிக்கெட் இல்லாம ஃபென்வே பார்க் மேட்ச் பார்க்க முடியுமா? ஸ்டேடியத்துக்குள்ள இருக்கிற பார் பத்தின கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருச்சியிலேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "ஜூன் மாசம் பையன் வீட்டுக்கு வர்றோம், பாஸ்டன் பக்கத்துல வெஸ்ட்பரோ. அங்க ஃபென்வே பார்க் பேஸ்பால் ஸ்டேடியத்துக்குள்ளயே ஒரு ஸ்போர்ட்ஸ் பார் இருக்காம். டிக்கெட் எடுக்காம அங்க உக்காந்து ஜன்னல் வழியா மேட்ச் பார்க்கலாம்னு மருமக சொல்றா. நிஜமா? நாங்க யாரும் குடிக்க மாட்டோம். 8 வயசுப் பேத்தியும் கூட வருவா. எங்களை உள்ள விடுவாங்களா?"

நிஜம்தாங்கம்மா. உங்க மருமக சொல்ற இடம் பேரு ப்ளீச்சர் பார். சென்டர் ஃபீல்டுன்னா பேட்டருக்கு நேர் எதிர்ல இருக்கிற மைதானத்துக் கடைசி. அந்த கேலரிக்கு நேர் அடியில இருக்கு. முன்னாடி அந்த இடத்துலதான் வெளியூர் டீம் பேட்டிங் ப்ராக்டிஸ் பண்ற கூண்டு இருந்தது. 2008ல அதை பாரா மாத்திட்டாங்க. வாசல் லான்ஸ்டவுன் ஸ்ட்ரீட் பக்கம், அதாவது ஸ்டேடியத்துக்கு வெளிய இருக்கு. அதனால டிக்கெட் கேக்க மாட்டாங்க. உள்ள போனா எதிர்ச் சுவர்ல ஷட்டர் கதவு அளவுக்கு ஒரு பெரிய திறப்பு. அது வழியா பார்த்தா மைதானத்துப் புல் உங்க கண் மட்டத்துல தெரியும்.

ஆனா "மேட்ச் பார்க்கலாமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதைத்தான் கொஞ்சம் விளக்கணும். என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன்: மைதானத்தைப் பார்க்கணும்னா அந்த பாருக்குப் போங்க, மேட்ச் பார்க்கணும்னா டிக்கெட் வாங்குங்க. ரெண்டையும் ஒரே செலவுல முடிக்கப் பார்த்தா ரெண்டுமே அரைகுறையாத்தான் வரும்.

ஏன்னு சொல்றேன். ஃபென்வேயில பேட்டர் நிக்கிற இடத்துலேர்ந்து சென்டர் ஃபீல்டு சுவர் 389 அடி 9 அங்குலம். அதுலயே ஒரு முக்கோண மூலை இருக்கு, அங்க 420 அடி வரைக்கும் போகும். சுமாரா 120 மீட்டர்னு வச்சுக்கோங்க. நம்ம கிரிக்கெட்ல நேர் பவுண்டரியே 70 மீட்டர் சுத்திதான் இருக்கும். அவ்வளவு தள்ளி, அதுவும் தரை மட்டத்துல உக்காந்து பார்க்கறீங்க. பந்து போடறவரோட முதுகு தெரியும், அதுக்கும் அந்தாண்ட பேட்டர் சின்னதா தெரிவார். நடுவுல சென்டர் ஃபீல்டர் நின்னார்னா அவர் பின்பக்கம்தான் உங்களுக்குக் காட்சி. திறப்பு தாழ்வா இருக்கிறதால பந்து உயரமா கிளம்பின உடனே மேல் விளிம்புக்கு மேல போய் மறைஞ்சிடும். பேஸ்பால்ல கூட்டம் எழுந்து நின்னு கத்தறதே அந்த மாதிரி அடிக்குத்தான், அது போய்ச் சேர்ற இடம் உங்களுக்குத் தெரியாது.

ஸ்கோரும் தெரியாது. ஃபென்வேயோட பெரிய பச்சைச் சுவர், க்ரீன் மான்ஸ்டர்ம்பாங்க, 37 அடி 2 அங்குல உயரம். அதுக்குள்ள ஆள் உக்காந்து கையால நம்பர் பலகை மாத்தற ஸ்கோர்போர்டு இருக்கு. பார் ஜன்னல்லேர்ந்து பார்த்தா அந்தச் சுவர் உங்க வலது கைப்பக்கம், பக்கவாட்டுல வரும். பலகையில எழுதினதைப் படிக்க முடியாது. ஸ்கோருக்கு பார்ல மாட்டியிருக்கிற டிவியைத்தான் பார்க்கணும். அந்த டிவி ஒளிபரப்பு நிஜத்துக்குச் சில செகண்ட் பின்னாடி வரும். ஜன்னல்ல ஆள் அவுட் ஆகி நடந்து போறார், டிவியில அப்பதான் பந்தே போடறாங்க. ஆனா அதுல ஒரு வசதி இருக்கு. ஜன்னல்ல தவறவிட்டதை, சத்தம் கேட்ட உடனே திரும்பி டிவியில பிடிச்சிடலாம்.

இன்னொண்ணு, பேட்டர் கண்ணுக்கு நேரா, பந்து போடறவர் கைக்குப் பின்னாடி வர்ற இடம் இந்த சென்டர் ஃபீல்டுதான். அங்க வெளிச்சமோ வெள்ளையா எதுவுமோ இருந்தா பந்து கையை விட்டுக் கிளம்பறது தெரியாது. மணிக்கு 95 மைல் வேகத்துல வர்ற பந்து தலையில பட்டா என்ன ஆகும்? அதனாலதான் பகல் மேட்ச்சுல சென்டர் ஃபீல்டு கேலரியில ஒரு பகுதி சீட்டையே விக்காம கறுப்புத் துணி போட்டு மூடிடறாங்க. பார் ஜன்னலுக்கும் அதே கட்டுப்பாடுதான். மேட்ச் நேரத்துல கதவு திறந்து காத்து வாங்கிக்கிட்டே பார்க்கலாம்னு நினைக்காதீங்க. மறைப்பு வழியாத்தான் பார்ப்பீங்க. ஃபோட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷை அணைச்சுட்டு, லென்ஸை மறைப்போட ஒட்டி வச்சு, ஃபோன் திரையில தூரத்துல இருக்கிற ஆளைத் தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. இல்லேன்னா மறைப்பு பளிச்சுன்னும் மைதானம் மங்கலாவும் விழும்.

அப்ப எப்ப போறது? மேட்ச் இல்லாத நாள், மதியம் கடை திறந்த உடனே. கூட்டம் இருக்காது, ஜன்னல் ஓரத்து மேசை சுலபமாக் கிடைக்கும், பேத்தியை மடியில வச்சுக்கிட்டு நிதானமாப் பார்க்கலாம். 1912ல திறந்த மைதானம், அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல இப்ப இருக்கிறதுலயே பழசு. புல் வெட்டறது, மண்ணுக்குத் தண்ணி அடிக்கிறது, கோடு போடறதுன்னு ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும். முன்கூட்டியே ஃபென்வேயோட சொந்த டீமான ரெட் சாக்ஸ் அட்டவணையைப் பார்த்து, டீம் வெளியூர்ல ஆடற நாளாத் தேர்ந்தெடுங்க. சீசனுக்கு 162 மேட்ச்சுல 81தான் உள்ளூர்ல. ஜூன்ல இப்படி நாள் நிறைய கிடைக்கும். மைதானத்துல பாட்டுக் கச்சேரி இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. மேடையை வழக்கமா சென்டர் ஃபீல்டுலதான் போடுவாங்க, அப்ப ஜன்னல்ல தெரியறது மேடையோட முதுகுதான்.

இல்ல, மேட்ச் நாள்லதான் போவோம்னா நேரக் கணக்கு முக்கியம். மேட்ச் 7:10க்கு ஆரம்பம்னு வைங்க. அஞ்சு மணியிலேர்ந்து ஆறரை வரைக்கும் க்யூ ரோட்டுக்கு வந்துடும். அதுல பாதிப் பேர் கையில டிக்கெட் வச்சிருக்கிறவங்க, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு பீர் குடிக்க வந்தவங்க. மேட்ச் ஆரம்பிக்க 20 நிமிஷம் இருக்கும்போது அவங்க எழுந்து போவாங்க. அந்தச் சமயத்துல போய் நில்லுங்க. ஜன்னல் ஓரத்துல ஒரே ஆளை மேட்ச் முழுக்க உக்கார விட மாட்டாங்க, மாத்திக்கிட்டே இருப்பாங்க. உக்காரும்போதே எவ்வளவு நேரம்னு கேட்டுக்கோங்க. மேட்ச் முடிஞ்சதும் மறுபடி கூட்டம் திரளும், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்ல எட்டாவது இன்னிங்ஸ் நடுவுல ஸ்டேடியமே சேர்ந்து பாடற பாட்டைக் கேட்டுட்டுக் கிளம்பிட்டா நல்லது. பிட்ச்சருக்கு, அதாவது பந்து போடறவருக்கு, கடிகாரம் வச்சது 2023ல. ஓடற ஆள் யாரும் பேஸ்ல இல்லேன்னா 15 செகண்டுக்குள்ள பந்து போட்டாகணும். அதனால இப்ப மேட்ச் பெரும்பாலும் ரெண்டரையிலேர்ந்து மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடுது.

சீக்கிரமா நாலு நாலரைக்கே போனா வேற ஒரு லாபம். ஸ்டேடியம் கேட் மேட்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடிதான் திறக்கும். உள்ளூர் டீம் பேட்டிங் ப்ராக்டிஸ் அதுக்கு முன்னாடியே நடக்கும். டிக்கெட் வாங்கினவங்களுக்குக் கிடைக்காத காட்சி அது. முந்தின நாள் ராத்திரி மேட்ச் ஆடிட்டு மறுநாள் பகல்ல மறுபடி ஆடறாங்கன்னா ப்ராக்டிஸை விட்டுடறது உண்டு, அந்த நாளுக்கு இதை நம்பிப் போகாதீங்க.

பேத்தி விஷயம். பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்துல 21 வயசுக்குக் கீழ மது கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். உள்ள வரலாமா கூடாதாங்கிறது அந்தந்த பார் போடற விதி. பகல்ல சாப்பாட்டு நேரத்துல குடும்பத்தோட வர்றதுக்கு பெரும்பாலும் தாராளமா இருப்பாங்க. ராத்திரி, அதுவும் மேட்ச் நாள்ல, வாசல்ல நிக்கிறவர் வேணாம்னு சொன்னா சொன்னதுதான், வாதாடிப் பிரயோஜனம் இல்ல. பையனை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. நீங்களும் அய்யாவும் ஒரிஜினல் பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. தலை நரைச்சிருந்தாலும் ஐடி கேப்பாங்க, மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க. ஆதார், நம்ம ஊர் லைசென்ஸ், பாஸ்போர்ட்டோட ஜெராக்ஸ், ஃபோன்ல இருக்கிற படம் எதுவும் எடுபடாது.

குடிக்கலேன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஜிஞ்சர் ஏல், லெமனேட் சொல்லலாம், குழாய்த் தண்ணி இலவசம். ஐஸ் வேணாம்னா முதல்லயே சொல்லுங்க, இல்லேன்னா முக்கால் டம்ளர் ஐஸ்தான் வரும். ஆனா மேசையை அடைச்சுக்கிட்டு ஒண்ணுமே வாங்காம உக்காரக் கூடாது. சாப்பாட்டுல கவனமா இருங்க. இந்த மாதிரி பார்ல சாண்ட்விச்சுன்னா பாஸ்ட்ராமி, கார்ன்டு பீஃப், அதாவது மாட்டிறைச்சி. பாஸ்டன் பேர்போன க்ளாம் சௌடர் சூப்புல சிப்பி மட்டும் இல்ல, பன்றிக்கறியும் சேர்க்கிறது வழக்கம். நாச்சோஸ் மேல ஊத்தற சில்லியில கொத்துக்கறி இருக்கும். சைவம்னா உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், சீஸ் சாண்ட்விச், சாலட், அவ்வளவுதான் தேறும். "நோ மீட்"னு மட்டும் சொன்னா பேக்கன் தூளையும் சிக்கனையும் விட்டுடுவாங்கன்னு நம்ப முடியாது. "நோ பேக்கன், நோ சிக்கன்"னு பேர் சொல்லியே கேளுங்க. ஃப்ரைஸும் சிக்கனும் ஒரே எண்ணெயிலயான்னு கேக்கறதும் தப்பில்ல.

பில்லைப் பார்த்துப் பதறாதீங்க. மெனுவுல 40 டாலருக்குச் சாப்பிட்டா பாஸ்டன்ல வரி 7 சதவீதம், 2 டாலர் 80 சென்ட். டிப்ஸ் 20 சதவீதம், 8 டாலர். ஆக 50 டாலர் 80 சென்ட். பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு ஏற்கெனவே போட்டிருந்தா தனியா டிப்ஸ் வைக்க வேணாம். கார்டைக் கொடுத்தா முதல்ல டிப்ஸ் இல்லாத தொகைக்கு மெசேஜ் வரும், அப்புறம் நீங்க எழுதின டிப்ஸ் சேர்ந்து வேற தொகையாக் கணக்குல ஏறும். ரெண்டு தடவை எடுத்துட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. ஊர்லேர்ந்து கிளம்பும்போதே பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணி வச்சுக்கோங்க.

வெஸ்ட்பரோன்னு சொன்னீங்கல்ல, கார் எடுத்துட்டு வராதீங்க. மேட்ச் நாள் பார்க்கிங் கட்டணம் டிக்கெட்டையே தாண்டிடும். வூஸ்டர் லைன் ரயில் உங்க ஊர்லயே நிக்குது. லான்ஸ்டவுன் ஸ்டேஷன்ல இறங்கினா நடை தூரம்தான். திரும்பிப் போற ரயில் மணிக்கு ஒண்ணு மாதிரிதான், அதைப் பார்த்து வச்சுக்கிட்டு எழுந்திருங்க. நகரத்துக்குள்ளேர்ந்து வர்றவங்க க்ரீன் லைன் நகர ரயில்ல வந்து கென்மோர் ஸ்டேஷன்ல இறங்கணும். பி, சி, டி வண்டி மூணும் அங்க போகும். ஈ வண்டி மட்டும் காப்ளிலேயே பிரிஞ்சு வேற பக்கம் போயிடும், புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது இதுலதான். கென்மோர்லேர்ந்து ப்ரூக்லைன் அவென்யூ மேல ஹைவே பாலத்தைத் தாண்டின உடனே இடது கைப்பக்கம் திரும்பினா லான்ஸ்டவுன் ஸ்ட்ரீட். தெரு முழுக்க பாரா இருக்கும். நீங்க ஸ்டேடியம் இருக்கிற வலது பக்கமாவே நடந்து, மான்ஸ்டர் சுவரைத் தாண்டினதும் பாருங்க.

டிக்கெட்டே வாங்கறதா முடிவு பண்ணினா ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்டேடியம், கிராண்ட்ஸ்டாண்டுல கூரையைத் தாங்கற இரும்புத் தூண்கள் இருக்கு. "அப்ஸ்ட்ரக்டட்"னு டிக்கெட்ல போட்டிருந்தா தூணுக்குப் பின்னாடி சீட்டுன்னு அர்த்தம், விலை குறைவுன்னு எடுத்துடாதீங்க. டிக்கெட்டை ஸ்கேன் பண்ணி உள்ள போனப்புறம் நடுவுல எழுந்து இந்த பாருக்கு வந்தீங்கன்னா, அந்த டிக்கெட்டை வச்சு மறுபடி உள்ள போக முடியாது. பாருக்குள்ளேர்ந்து ஸ்டேடியத்துக்கு வழி கிடையாது.

லைவ் சாட்ல ஒருத்தர் கேக்கறார், "அண்ணா, டொராண்டோவுல இப்படி இருக்கா, ஸ்கார்பரோலேர்ந்து கேக்கிறன்". டொராண்டோ ஸ்டேடியமான ரோஜர்ஸ் சென்டர் வேற மாதிரிங்க. அங்க அவுட்ஃபீல்டு, அதாவது மைதானத்தோட கடைசிப் பக்கம், இருக்கிற பாரெல்லாம் கேட்டுக்கு உள்ள, டிக்கெட் இல்லாம போக முடியாது. ஆனா 2023ல அவுட்ஃபீல்டு பக்கத்தைப் புதுப்பிச்சு நின்னு பார்க்கிற பார்களா அமைச்சுட்டாங்க. சீட் நம்பர் இல்லாத டிக்கெட் தனியா விக்கறாங்க, எந்த டிக்கெட் வச்சிருக்கிறவங்களும் அந்தப் பக்கம் போகலாம். பாஸ்டன் ஜன்னலை விட மேட்ச் அங்க ஒழுங்காத் தெரியும், ஏன்னா மேல நின்னு கீழ பார்க்கறீங்க. ஒன்டாரியோவுல மதுவுக்கு வயசு 19. கேட் திறந்த உடனே போய் கம்பி ஓரத்துல இடம் பிடிச்சிடுங்க. ரெண்டாவது வரிசையில நின்னா முன்னாடி இருக்கிறவர் தொப்பிதான் தெரியும்.