ஆறாகப் பிளந்து ஒன்றாக ஒட்டிய கழி

நேயர்களுக்கு வணக்கம்.

"முழுசாக இருந்த மூங்கிலை ஆறாகப் பிளந்தீர்கள். அதையே மறுபடி ஒட்டிக் கழியாக்கி வைத்திருக்கிறீர்கள். இதற்கா இரண்டு மாதம், வாத்தியாரே?"

அரியாங்குப்பம் ஆற்றில் வீச்சுவலை வீசும் பெரியவர் ஒருவர் நான் செய்த தூண்டில் கழியைப் பார்த்து என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் தச்சுத் தொழில் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் காலையில் வானொலி கேட்பவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு. ஈயத்தின் கனம் முள்ளைக் கொண்டுபோய்ப் போடும். நான் செய்வது வேறு வகை. ஈத்தூண்டில் என்று அதற்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். இதில் இரை கிடையாது. முள்ளின் மேல் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுவோம். அதற்குக் கனமே இல்லை. எறிந்தால் காலடியில்தான் விழும். கனமெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கயிற்றைப் பின்னால் வீசி, பிறகு முன்னால் வீச, கழி வளைந்து நிமிர்ந்து அதைத் தண்ணீர் மேல் விரிக்கும். கழிக்கு மீனைத் தூக்கும் வேலையை விட வளைந்து நிமிரும் வேலைதான் அதிகம்.

இந்த நிமிர்வைக் கவனித்தவர்கள் நம்மிடமே இருந்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 54ஆம் பாட்டில் ஒரு யானை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனக் காவலர்களின் கவண் ஒலி கேட்டு மிரண்டு அதை விட்டுவிடுகிறது. மீனைப் பிடித்த தூண்டில் போலப் பச்சை மூங்கில் மேலே எழுகிறது. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓர் உவமைக்காகவே மீனெறி தூண்டிலார் என்று அவரை அழைக்கிறோம். கழி பிடித்த கைக்குத்தான் இப்படி ஓர் உவமை தோன்றும் என்பது என் கட்சி.

இனி, ஏன் பிளக்க வேண்டும்? மூங்கிலைக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். தோலை ஒட்டிக் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போக அவை கலைந்து வெளுத்த சோறுதான் மிஞ்சும். அந்தப் புள்ளிகள்தான் நார். மூங்கிலின் பலம் முழுவதும் தோலடியில் இருக்கிறது. ஆறு பிளாச்சுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 60 பாகை முக்கோணமாக இழைத்துச் சேர்த்தால் அறுகோணக் கழி கிடைக்கும். பலமான தோல்பக்கம் ஆறும் வெளியே நிற்கும், சோற்றின் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். உள்ளே பொந்தும் இருக்காது. அடியிலிருந்து நுனி வரை எந்த இடம் எவ்வளவு வளைய வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிக்காது, இழைப்புளி தீர்மானிக்கும்.

நுனிப் பிளாச்சு முடியும் இடத்தில் அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அங்கே ஒரு தாள் அளவு கூடினாலும் குறைந்தாலும் வீச்சு மாறிவிடும். கணுக்களை அனலில் காட்டி, இளகும்போது பட்டறைப் பிடியில் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். ஆறு பிளாச்சுகளின் கணுக்களும் ஒரே இடத்தில் கூடிவிடாமல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பிறகு மறுபடி அனல். பொரிகடலைக் கடை வாசலில் வருமே, அந்த மணம் எழும்பி மூங்கில் தேன் நிறமாகும்போது நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் நார் முறுகி உடைந்துவிடும். அதன் பின்தான் பசை, நூல்கட்டு, வார்னிஷ், பூண்.

என் முதல் கழியைச் சொல்லாமல் விட்டால் பெரியவர் என்னை விடமாட்டார். தச்சன் புத்தி என்று ஒன்று உண்டு: மரம் என்றால் எல்லாப் பக்கமும் இழைத்து வழவழப்பாக்கத் தோன்றும். தோல்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் துடைப்பதற்கு மேல் தொடவே கூடாது. நான் இழைப்புளியை ஓட்டிவிட்டேன். பார்க்க அழகான கழி. வீசினால் ஈரத்துணி போலத் தொய்ந்தது. இப்போது வீட்டில் பாகற்கொடி அதைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. காய் நன்றாகக் காய்க்கிறது.

பிளந்த மூங்கிலில் தூண்டிற்கோல் செய்வது 1840களில் அமெரிக்காவின் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளியால் பெயர் பெற்றது. அக்காலத்தில் அவர்கள் வாங்கியது நம் நாட்டிலிருந்து கப்பலேறிய 'கல்கத்தா மூங்கில்'. பிறகு தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டதும் அந்த வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கழிகள் சந்தையை எடுத்துக்கொண்டன. நான் கல்மூங்கிலில் செய்கிறேன். கணுக்கள் நெருக்கம், வேலை இரட்டிப்பு. ஆனால் கடைத்தெருவில் கிடைக்கிறது.

பெரிய கொடுவாய் மீனுக்கு என் கழி தாங்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். பாகூர்ப் பக்கத்துக் குளங்களில் சிலேபிக்கு இது போதும். உள்ளங்கை அளவு சிலேபி இழுத்தாலும் கழி கைப்பிடி வரை நடுங்குவது விரலில் தெரியும். ஆற்றின் உப்புத்தண்ணீரில் நனைத்தால், வீட்டுக்கு வந்ததும் பூணை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

வீசுவதில் கடினமானது ஒன்றே ஒன்று. கயிறு பின்னால் முழுவதும் நீளும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் சாட்டை போலச் சொடுக்கிப் பூச்சி அறுந்துவிடும். அதிகம் காத்திருந்தால் பின்னால் இருக்கும் தென்னை பிடித்துக்கொள்ளும். என் பூச்சிகள் ஏழெட்டு இன்னும் ஆற்றங்கரைத் தென்னையில்தான் இருக்கின்றன.

பெரியவரே, வலை விரியும் நேரத்தை முப்பது வருடமாகக் கையில் வைத்திருப்பவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வாருங்கள், கழியை நீங்களே வீசிப் பாருங்கள். பின்னால் தென்னை இல்லாத இடமாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

வணக்கம்.