சார்க்கா, ஹெர்மா? ராத்திரி எங்கேன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

[காட்சி: செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகம், காலை நேரம். கிழக்கே கடலில் தீவுகள்.]

வணக்கம். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல, பிரான்ஸ் கரைக்குப் பக்கத்துல இருக்கிற தீவு கெர்ன்சி. அதோட துறைமுகத்துல நின்னு கிழக்கே பார்த்தா முன்னாடி தெரியுறது ஹெர்ம். அதுக்கும் அந்தப்பக்கம் சார்க். ரெண்டுலயும் கார் கிடையாது. ரெண்டுக்கும் இங்கிருந்து படகு இருக்கு. ஹெர்முக்கு 20 நிமிஷம், சார்க்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இருக்கிற மூணு நாலு நாள் லீவுல எந்தத் தீவுல ரூம் போடுறது? என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். பகலுக்கு ஹெர்ம், ராத்திரிக்கு சார்க். ஏன்னு பார்ப்போம்.

[காட்சி: ஹெர்ம், ஷெல் பீச். மணலை அள்ளும் கை, மிக நெருக்கத்தில்.]

ஹெர்ம் ரொம்பச் சின்னது. நீளம் ரெண்டரை கிலோமீட்டர்கூட வராது. சைக்கிளுக்கும் அனுமதி இல்லை, நடைதான். நிதானமா நடந்தாலே ரெண்டு மணி நேரத்துல தீவைச் சுத்தி வந்துடலாம்.

வடகிழக்குக் கரையில இருக்கு ஷெல் பீச். தூரத்துல பார்த்தா சாதாரண வெள்ளை மணல்தான். குனிஞ்சு ஒரு கை அள்ளிப் பாருங்க. நகத்தை விடச் சின்னச் சின்ன சிப்பி, சுருள் சுருளா குட்டிச் சங்கு, உடைஞ்ச ஓட்டுத் துண்டு... கடல் நீரோட்டம் காலங்காலமா கொண்டு வந்து கொட்டினது. குழந்தைங்களை இங்கே உட்கார வச்சா அரை நாள் எழுந்திரிக்க மாட்டாங்க. கைக்குழந்தையோட, வயசான அப்பா அம்மாவோட போறவங்க தயங்காம ஹெர்மை எடுத்துக்கலாம். தங்கணும்னா ஒரு ஹோட்டல், சில காட்டேஜ், ஒரு கூடாரத் திடல் இருக்கு. அவ்வளவுதான், அதனால சீக்கிரமே புக் பண்ணிடுங்க.

ஒரு விஷயத்தை மறக்காதீங்க. இந்தக் கடல்ல ஓதம் ஏறி இறங்குற உயரம் ரொம்ப அதிகம். தண்ணி வத்தின நேரத்துல படகு துறைமுகத்துக்குள்ள வராது. கொஞ்சம் தள்ளி ரோசேர்னு ஒரு படித்துறை இருக்கு, அங்கேதான் நிக்கும். திரும்புற படகு எங்கே வரும்னு இறங்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

[காட்சி: சார்க், துறைமுகச் சுரங்கப்பாதை. மேட்டில் ஏறும் டிராக்டர் வண்டி.]

சார்க் வேற மாதிரி. மணல் கரையைத் தேடி இங்கே வராதீங்க. சுத்திலும் செங்குத்தான பாறை, நடுவுல உயரமான சமவெளி. பரப்பு அஞ்சரை சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. படகுல இறங்கி, பாறையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வெளியே வந்தா ஒரு டிராக்டர் நிக்கும். அதோட பின்னாடி இழுக்குற வண்டியில உட்கார்ந்து மேட்டுல ஏறலாம். தங்குற இடத்தோட பேரை எழுதி பெட்டியில கட்டிட்டா, பெட்டி தனியா வந்து சேர்ந்துடும். இங்கே ஆம்புலன்ஸையே டிராக்டர்தான் இழுக்குது. மத்தபடி மண் ரோடு, சைக்கிள், குதிரை வண்டி.

சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கிட்டு தெற்கே போங்க. லா கூப்பே வரும். பெரிய சார்க்கையும் குட்டி சார்க்கையும் சேர்க்குற ஒத்தையடிப் பாலம் மாதிரி ஒரு மலைமுதுகு. அகலம் மூணு மீட்டர், ரெண்டு பக்கமும் சுமார் 80 மீட்டர் பள்ளம். 1900க்கு முன்னாடி கைப்பிடிக் கம்பிகூட இல்லை. பலமா காத்தடிக்கிற நாள்ல, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்க தவழ்ந்து கடந்ததா சொல்லுவாங்க. இப்ப இருக்கிற கான்கிரீட் பாதை, 1945ல ஜெர்மன் போர்க்கைதிகள் போட்டது. இங்கே சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கிட்டுத்தான் போகணும். நடுவுல ஒரு நிமிஷம் நில்லுங்க. ரெண்டு காதுலயும் ரெண்டு கடலோட சத்தம் கேக்கும்.

இவ்வளவும் பகல்லயே பார்த்துடலாமே, அப்புறம் எதுக்குத் தங்கணும்?

[காட்சி: முழு இருட்டு. மெல்ல மெல்ல நட்சத்திரங்கள்.]

இதுக்குத்தான். சார்க்ல தெருவிளக்கு கிடையாது. 2011ல உலகத்தோட முதல் 'இருள் வானத் தீவு'ங்கிற அங்கீகாரம் சார்க்குக்குத்தான் கிடைச்சது. பால்வீதி தலைக்கு மேல நீளமா, புகை படிஞ்ச மாதிரி கிடக்கும். நகரத்துல வளர்ந்த நாம நாலஞ்சு நட்சத்திரத்தைப் பார்த்துட்டு அதான் வானம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். நம்ம பிள்ளைங்க ஒரு தடவையாவது இந்த வானத்தைப் பார்க்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். சாயங்காலப் படகுல திரும்புறவங்க தவற விடுறது இதைத்தான்.

அதனால தேதியைப் பார்த்து முடிவு பண்ணுங்க. அமாவாசையை ஒட்டி லீவு கிடைச்சா, ரெண்டு ராத்திரி சார்க்ல தங்கிட்டு, கெர்ன்சிக்குத் திரும்பி, மறுநாள் ஹெர்முக்கு ஒரு பகல் போய் வாங்க. பௌர்ணமி சமயத்துலதான் லீவுன்னா நட்சத்திரம் அவ்வளவா தெரியாது. அப்ப ஹெர்ம்லயே தங்கிடுங்க. பகல் கூட்டம் கிளம்பின பிறகு நிலா வெளிச்சத்துல அந்தக் கரை உங்களுக்கே உங்களுக்குத்தான்.

பணம் பவுண்டுதான். ஆனா கெர்ன்சி தனியா அச்சடிக்கிற நோட்டை இங்கிலாந்துக் கடைகள்ல பொதுவா வாங்க மாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே செலவு பண்ணிடுங்க, இல்லைன்னா மாத்திடுங்க. சார்க் போறவங்க ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கோங்க. சிவப்பு வெளிச்சம் தர்றதா இருந்தா நல்லது, இருட்டுக்குப் பழகின கண்ணு கூசாது.